உம்மாவுக்கு ஒரு சனிக்கிழமை

மருதமுனையில் அஸ்பியாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது லேசு. சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, ஆர்மோனியம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். வாசலில் பெரிய பெரிய செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கும். அதுதான் வீடு.

ஆர்மோனியம் வாசிப்பவர் அஸ்பியாவின் வாப்பா காலிதீன். கல்முனை பஸாரில் அவருக்கு மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை இருந்தது. கிழமை முழுவதும் கிறீஸ் படிந்த கையோடு திரிகிறவர், சனிக்கிழமை மட்டும் நகக்கண் வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து உட்காருவார். பாடுகிறவர் ஜெஸீம் மாமா. அவருக்குத் தபால் கந்தோரில் வேலை. கிற்றாருக்கு றிபாத் மாமா. தபேலாவுக்குப் புண்ணியமூர்த்தி மாமா. அவர் பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார்.

அவர்கள் எல்லாப் பாட்டும் பாடுவதில்லை. ஒலுவிலில் கறீம்தீன் என்று ஒரு பாட்டுக்காரர் இருந்தார். அவர் மௌத்தாகி வெகுகாலம். அவருடைய பாட்டுகளை மட்டும்தான் இவர்கள் பாடுவார்கள். ‘கறீம்தீன் இசை நண்பர்கள்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். அந்த மனிதர் விட்டுப்போனது கொஞ்சப் பாட்டுகள்தாம். ஆகவே தெருவில் எல்லாருக்கும் அவை மனப்பாடம். மூன்றாவது பாட்டுத் தொடங்கினால் பக்கத்து வீட்டு ஆடுகூட எழும்பிப் போய்விடும் என்று அஸ்பியாவின் தம்பி ஸஹ்லான் சொல்லுவான். அவனுக்கு ஆறு வயது. ஆனாலும் அவன் சொன்னது பொய்யில்லை.

பாட்டு முன் கூடத்தில். உம்மா முனவ்வறா பின்னால் குசினியில். நடுப்பகல் லுஹர் தொழுததும் உம்மா மா பிசையத் தொடங்குவார். பெட்டிஸ், ரோல்ஸ், சில நாளில் வட்டிலப்பம். பிறகு தேத்தண்ணி. ஒருவருக்குச் சீனி இல்லாமல், ஒருவருக்குச் சீனி கூட, ஒருவருக்கு இஞ்சி தட்டிப் போட்டு. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அடுப்பு அணையாது. அஸ்பியா தட்டைத் தூக்கிக்கொண்டு போவாள். வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். றிபாத் மாமா ஒருவரே நாலு பேருக்குச் சமம் என்று ஸஹ்லான் குசினிக் கதவடியில் நின்று கவலைப்படுவான்.

அஸ்பியாவுக்குச் சனிக்கிழமை பிடிக்கும். உம்மாவுக்குப் பிடிக்குமா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

கிழமைக்கொரு தடவை வரிப்பத்தான்சேனையிலிருந்து ஸுஹைறா சாச்சி தொலைபேசியில் பேசுவார். சாச்சி உம்மாவின் ஒரே தங்கச்சி. வயல் வெட்டியாயிற்று, புது அரிசி இருக்கிறது, குளத்து மீன் மலிவு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார். உம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார். மற்ற நாளில் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அஹதிய்யா மார்க்க வகுப்பு. விடுமுறை நாளென்றாலும் சனிக்கிழமை எப்படி வருவது? அந்த ஊர் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் உம்மா அங்கே போவார். அதுவும் பகல் சாப்பாட்டோடு திரும்பிவிடுவார்.

அந்த வருடம் இசை நண்பர்களுக்கு இருபது வயது நிறைந்தது.

கல்முனையில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். சந்திக்குச் சந்தி பதாகை கட்டினார்கள். பதாகையில் நாலு பேரின் படமும் இருந்தது. றிபாத் மாமாவின் தலையில் உண்மையில் இல்லாத முடியும் இருந்தது. விழாவில் அஸ்பியா மேடையேறி ‘எனது தந்தை’ என்று பேச வேண்டும் என்று ஜெஸீம் மாமா ஏற்பாடு செய்தார். பேச வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்தார். “எனது தந்தை இசைக்கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்” என்று அது தொடங்கியது. அஸ்பியா குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள், சாப்பிடும்போதும் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக் கேட்டு ஸஹ்லானுக்கும் பாடமாகிவிட்டது. ‘முத்தெடுத்தவர்’ என்பதை மட்டும் அவன் ‘முட்டையெடுத்தவர்’ என்று சொன்னான்.

விழாவும் ஒரு சனிக்கிழமைதான் வந்தது. உம்மா ஊதா நிறச் சாரி உடுத்தியிருந்தார். மண்டபத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற பெட்டிஸும் உம்மா செய்ததுதான். அதற்காக வெள்ளிக்கிழமை முழுவதும் அடுப்படியில் நின்றதில் கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, சாரியை இழுத்து அதை மறைத்தபடி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் முதலில் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். பிறகு நினைவுச்சின்னம் கொடுத்தார்கள். நாலு பேருக்கும் கொடுத்தார்கள். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்தார்கள். பதாகை அச்சடித்தவருக்கும், கதிரை இரவல் தந்தவருக்கும்கூடக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது அஸ்பியா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மா எல்லாருக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஜெஸீம் மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

சுனாமி வந்த காலத்திலிருந்து தொடங்கினார். கடல் அடித்துக்கொண்டு போனவர்களில் காலிதீனின் காக்காவும், அதாவது அண்ணனும், ஒருவர். அந்தக் காக்காதான் கறீம்தீன் பாட்டென்றால் உயிரை விடுவார். அவர் போன பிறகு, அகதி முகாமில் காலிதீன் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் மணலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் பின்னேரம் ஜெஸீம் மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தப் பாட்டில் ஒன்றைப் பாடினார். இரண்டாம் அடியைக் காலிதீன் எடுத்துப் பாடினார். அன்றைக்கும் சனிக்கிழமை. இதைக் கேட்டு மண்டபத்தில் சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். அஸ்பியாவும் துடைத்தாள்.

“அண்டையிலிருந்து இண்டை வரைக்கும் ஒரு சனிக்கிழமையும் தவறினதில்ல,” என்றார் ஜெஸீம் மாமா. “மழை எண்டு பாக்கல்ல, காய்ச்சல் எண்டு பாக்கல்ல. ஒண்டு சொல்றன் கேளுங்க. ஏழு வருசத்துக்கு முந்தி, நாங்க பாடிக்கிட்டிரிக்கக்க காலிதீன்ட மாமனாருக்குச் சுகமில்லாமக் கடுமை எண்டு வரிப்பத்தான்சேனையிலரிந்து செய்தி வருது. காலிதீன் என்ன செஞ்சார் தெரியுமா? ஆர்மோனியத்திலரிந்து கைய எடுக்கல்ல. எல்லாப் பாட்டையும் முடிச்சிப்போட்டுத்தான் எழும்பினார். அதுதான் கலைஞன்.”

மண்டபம் கைதட்டியது. வாப்பா தலையைக் குனிந்து சிரித்தார்.

அஸ்பியாவின் கையை உம்மா பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகி இறுகி, விரல் நொந்தது. பிறகு உம்மா கையை விட்டுவிட்டு எழும்பி வெளியே போனார். பழைய செருப்பு வெளியே தெரிந்தது. அதை மறைக்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு இல்லை.

அஸ்பியா பின்னால் ஓடினாள். மண்டபத்தின் பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் உம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகம் கழுவி முடிந்தும் தண்ணீரைத் திறந்தபடியே நின்றார்.

“உம்மா, ஜெஸீம் மாமா சொன்னது மெய்தானா?”

உம்மா குழாயை மூடினார். பிறகு சொன்னார்.

அன்றைக்கு சாச்சி அழுதபடி பேசினார். எங்கள் வாப்பா நோய் கடுமையாகக் கிடக்கிறார், உன் பெயரைச் சொல்லுகிறார், உடனே வா என்றார். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. மோட்டார் சைக்கிளில் அஸ்பியாவின் வாப்பாதான் கூட்டிப்போக வேண்டும். உம்மா கூடத்து வாசலில் போய் நின்றார். வாப்பா நிமிரவில்லை. இரண்டாம் முறை உள்ளே போய்க் காதுக்குள் சொன்னார். இந்த ஒரு பாட்டு என்று வாப்பா விரலைக் காட்டினார். அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கியது. மூன்றாம் முறை உம்மா வாசலில் நின்றபோது, றிபாத் மாமா வெறும் கோப்பையை நீட்டினார்.

“நான் என்ன செஞ்சன் தெரியுமா மகள்? தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்,” என்றார் உம்மா. “நாங்க போய்ச் சேரக்க என்ட வாப்பாட முகத்த மூடிட்டாங்க.”

உள்ளே ஒலிபெருக்கியில் அஸ்பியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அஸ்பியா சலாம் சொன்னாள். பெயரைச் சொன்னாள். ‘எனது தந்தை இசைக்கடலில்’ என்பது வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. மறந்துபோகவில்லை. சொல்ல மனம் வரவில்லை. வாப்பா ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்து, சொல்லு சொல்லு என்று தலையாட்டினார்.

உம்மா குழாயடியில் சொன்னதை இங்கே சொல்லலாமா? சொன்னால் மண்டபம் முழுவதும் உம்மாவைத் திரும்பிப் பார்க்கும். உம்மாவுக்கு அது பிடிக்காது. ஆகவே அஸ்பியா வேறொன்றைச் சொன்னாள்.

“எங்கட உம்மாக்கு அடுத்த சனிக்கிழமை லீவு வேணும்,” என்றாள்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். ஜெஸீம் மாமா ஒலிவாங்கியை வாங்கி, பிள்ளைக்குப் பெட்டிஸ் மிஞ்சாத கவலை என்றார். அதற்கும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் ஏசியிருந்தால்கூட அஸ்பியாவுக்கு அவ்வளவு நொந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவில் வாப்பா நினைவுச்சின்னத்தை மடியில் வைத்திருந்தார். “நல்லாக் கதைச்ச மகள். எல்லாரையும் சிரிக்க வெச்சிட்டாய்,” என்றார். உம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போனதும் வாப்பா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, உம்மாவின் நல்ல கோப்பைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, நடுவில் நினைவுச்சின்னத்தை வைத்தார்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியது. சாச்சி மறுபடியும் கூப்பிட்டார். சனிக்கிழமையை விட்டுவிட்டு எப்படி வந்து நிற்பது என்று உம்மா மறுபடியும் சொன்னார். வியாழக்கிழமை உம்மா மாவும் எண்ணெயும் வாங்கி வந்து குசினியில் வைத்ததை அஸ்பியா பார்த்தாள். இப்படியே விட்டால் அடுத்த சனிக்கிழமையும் வரும். அதற்கடுத்ததும் வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸஹ்லானைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜெஸீம் மாமாவின் வீட்டுக்குப் போனாள். நாளைக்கு மட்டும் உங்கள் வீட்டில் பாடுவீர்களா என்று கேட்டாள்.

ஜெஸீம் மாமா வீட்டுக்குள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “இங்கயா? மாமி என்னைத் தெருவில உட்டுருவா. அவக்கு இந்தச் சத்தம் கண்ணுல காட்டக் கூடா.”

“எங்கட உம்மாக்கு மட்டும் பிடிக்குமா மாமா?”

ஜெஸீம் மாமா, அஸ்பியாவின் உம்மா மாதிரி ஒரு தங்கமான ஆள் இந்த ஊரிலேயே இல்லை என்றார். ஆளுக்கொரு டொபி கொடுத்து அனுப்பினார். றிபாத் மாமாவிடம் போய்ப் பயனில்லை என்று ஸஹ்லானே சொல்லிவிட்டான். ஆகவே அஸ்பியா பாண்டிருப்புக்குச் சைக்கிளை மிதித்தாள்.

புண்ணியமூர்த்தி மாமா முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி செல்லத்தங்கம் மாமி சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஸ்பியா கேட்க வந்ததைக் கேட்டாள். ஆனால் இந்த முறை மேடையில் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். மூத்தவாப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, கிடந்த அந்த நாளைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

மாமா குவிப்பதை விட்டுவிட்டு அந்த நெல்லின் பக்கத்திலேயே குந்தினார்.

“எனக்குத் தெரியும் புள்ள,” என்றார். “உம்மா மூண்டு தரம் வாசலுக்கு வந்தவ. மற்றாக்கள் கண்ணை மூடிப் பாடினவங்க. நான் வாசலுக்கு நேரதான் இருந்தனான். முகத்தப் பாத்தனான். என்ட கையாவது நிண்டிருக்கலாம். நிக்கல்ல.”

செல்லத்தங்கம் மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். இதை ஏன் எனக்கு நீங்கள் சொல்லவில்லை என்று கேட்கிற பார்வை அது.

“நாளைக்கு நான் வரமாட்டன்,” என்றார் மாமா. “உங்கட வீட்டுக்கு இனி எண்டைக்கும் பாட வரமாட்டன். தபேலா இல்லாம அவங்க பாடினாப் பாடட்டும்.”

சனிக்கிழமை காலை வாப்பா கடைக்குப் போன பிறகு, உம்மா மாவைப் பாத்திரத்தில் கொட்டினார். அஸ்பியா பக்கத்தில் போய் நின்றாள்.

“உம்மா, புண்ணியமூர்த்தி மாமா இண்டைக்கு வரமாட்டாராம். இனி எண்டைக்கும் வரமாட்டாராம்.”

எங்கே போனாய், என்ன கேட்டாய் என்று உம்மா விசாரித்தார். அஸ்பியா எல்லாவற்றையும் சொன்னாள். ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். உம்மா ஏசவில்லை. மாவுக்குள் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். அந்த மனிதர் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் உம்மாவின் வாயிலிருந்து வந்தது. யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார்.

பிறகு கையைக் கழுவினார். மாவை மூடி வைத்தார்.

“உடுப்ப எடுங்க ரெண்டு பேரும்,” என்றார். “ரெண்டு மூணு சோடி எடுங்க.”

கல்முனை பஸ் நிலையத்தில் உம்மாவும் ஸஹ்லானும் நிற்க, அஸ்பியா மட்டும் வாப்பாவின் கடைக்குப் போனாள். வாப்பா ஒரு பெட்டிக்குள் திருகாணி தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் சாச்சியின் வீட்டுக்குப் போகிறோம் என்று அஸ்பியா சொன்னாள். வாப்பா நிமிர்ந்தார்.

“இண்டைக்கா? அப்ப தேத்தண்ணி?”

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அஸ்பியாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. கேத்தில் அடுப்புக்கு மேலே இருக்கிறது, மா மூடி வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் போய், இறங்கி ஓட்டோ பிடித்து, வரிப்பத்தான்சேனைக்குப் போய்ச் சேரும்போது நல்ல வெயில். ஸுஹைறா சாச்சி முற்றத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். உம்மாவைக் கண்டதும் சட்டி கையிலிருந்து விழுந்தது. யாராவது மௌத்தா என்றுதான் முதலில் கேட்டார். சும்மா வந்தோம் என்று உம்மா சொன்னதும் நம்பாமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு அழுதார். பிறகு, சும்மா வருகிற ஆட்களுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லிக்கொண்டே மீன்காரனைக் கூப்பிட ஓடினார்.

மூத்தவாப்பா கிடந்த அறையில் இப்போது நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கட்டில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. உம்மா அதில் உட்கார்ந்தார். சாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அஸ்பியா கதவடியில் நின்றாள். போகச் சொல்லுவார்கள் என்று நினைத்தாள். யாரும் சொல்லவில்லை.

“ஸுஹைறா, வாப்பா கடைசியில என்னக் கேட்டாரா?” என்றார் உம்மா. “ஏழு வருசமாக் கேக்கப் பயந்துக்கிட்டு இரிந்தன்.”

சாச்சி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தூக்கத்திலேயே போய்விட்டார், ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சாச்சி அப்படிச் சொல்லவில்லை.

“கேட்டார் ராத்தா. மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் கேட்டார்.”

உம்மா தலையை ஆட்டினார். பிறகு தங்கச்சியின் தோளில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளை போல விம்மி விம்மி அழுதார். அஸ்பியா உம்மா அழுது பார்த்ததில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அங்கே இன்னொரு ஆளுக்கு இடமில்லை என்று அவளுக்கு விளங்கியது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, ஸஹ்லானைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலடிக்குப் போனாள்.

அவர்கள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் வாப்பாவின் மோட்டார் சைக்கிள் நின்றது.

வாப்பா முற்றத்தில் நின்றார். சாச்சியின் கணவர் கதிரை போட்டிருந்தார். வாப்பா உட்காரவில்லை. கையில் கிறீஸ் அப்படியே இருந்தது. புண்ணியமூர்த்தி மாமா பகல் கடைக்கே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்பயும் வாற வருத்தம் எண்டு நெனச்சிட்டன்,” என்றார் வாப்பா. “வழமை மாதிரி சுகமாயிரும் எண்டு.”

“ஏழு வருசமா இத நீங்க என்னட்டச் சொல்லல்ல,” என்றார் உம்மா. சத்தம் போடவில்லை. “மேடையில சொல்லக்க தலையக் குனிஞ்சி சிரிச்சீங்க.”

வாப்பா கால்மாற்றி நின்றார். பிறகு, இனிமேல் வீட்டில் பாட்டு இல்லை என்றார். கடைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையைத் துப்புரவாக்கி அங்கே பாடுவோம், தேத்தண்ணியை நாங்களே ஊற்றிக்கொள்வோம் என்றார்.

“பாடுங்க,” என்றார் உம்மா. “காக்கா போனநேரம் அந்தப் பாட்டு இல்லாட்டி நீங்க என்னாகியிரிப்பீங்களோ தெரியா. கல்யாணம் முடிச்சி வந்த புதுசில, எங்கட வீட்ட வந்து பாடுங்க எண்டு சொன்னதும் நான்தான். அத நான் மறக்கல்ல.”

“அப்ப வீட்ட வாறியா?”

உம்மா வாப்பாவை நேராகப் பார்த்தார். கோபம் இருந்தது. அது இன்றைக்கு நாளைக்குப் போகிற கோபமில்லை என்று அஸ்பியாவுக்குக்கூடத் தெரிந்தது.

“ஸ்கூல் தொடங்க முந்தின நாள் வாறன். அது வரைக்கும் இங்கதான்.”

வாப்பா அஸ்பியாவின் பக்கம் திரும்பினார். அவளுடைய தலையில் கையை வைக்க வந்து, கிறீஸைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். “மேடையில நீ சொன்னது எனக்கு விளங்கல்ல மகள்,” என்றார். பிறகு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். மஃரிபு தொழுதுவிட்டுப் போகும்படி சாச்சியின் கணவர் பின்னாலேயே போய்ச் சொன்னது கேட்டது.

அஸ்பியாவுக்கு வாப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. உம்மாவைப் பார்த்தால், இன்னும் கொஞ்ச நாள் வாப்பா பாவமாகவே இருக்கட்டும் என்றும் இருந்தது.

“இனி வாப்பாக்கு யார் சோறு ஆக்கிக் குடுக்கிற?” என்று ஸஹ்லான் கவலையோடு கேட்டான்.

“அவருக்குக் கை இரிக்கி,” என்றார் உம்மா.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு சாச்சி பாய் விரித்துச் சோறு போட்டார். புது அரிசிச் சோறு. விரால் மீன் ஆணம். சுண்டிய முருங்கை இலை. எடுத்து வைக்க உம்மா வழக்கம்போல எழும்பப் பார்த்தார். சாச்சி தோளைப் பிடித்து அமர்த்தினார். கால் வீக்கம் வடிந்திருந்தது. உம்மா காலை நீட்டி உட்கார்ந்து, ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டார். முள்ளை அவசரமில்லாமல் எடுத்தார். இடையில் ஒருமுறை கண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார்.

சோற்றுப் பீங்கான் வெறுமையானதும் உம்மா அதைத் தங்கச்சியின் பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.